கண்ணாடிக் குடுவையில் வசம்பு

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்

மணமுள்ள இலை ஒன்று கைக்குக் கிடைத்தால் அதைக் கசக்கி முகர்ந்து பார்க்காதவர் நம்மில் யாரும் இருக்க மாட்டார்கள். ஓமவல்லி, துளசி, மருக்கொழுந்து, திருநீற்றுப் பச்சிலை என்று வீட்டுக் கொல்லையிலேயே எத்தனையோ உண்டு. அந்த மணம் செடியில் எங்கே இருக்கிறது? மண்ணே இல்லாமல், சர்க்கரையும் உப்பும் மட்டும் கொடுத்து, கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு செடியை வளர்த்தால் அந்த மணமும் கூடவே வருமா? சென்ற கல்வியாண்டில் நம் தாவரவியல் துறையில் முதுகலை மாணவர்கள் வசம்பைத் திசு வளர்ப்பு முறையில் வளர்த்தார்கள். குடுவை கழுவும் ஆளாக அந்த ஆய்வகத்துக்குள் நுழைந்த நான், அங்கே கண்டதையும் அதைப் பற்றிப் பின்னர் படித்தறிந்ததையும் இங்கே சொல்ல விழைகிறேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். "திசு வளர்ப்புச் செய்கிறோம்" என்று வீட்டில் சொன்னபோது யாருக்கும் புரியாது என்றே நினைத்தேன். ஆனால் வாழைத் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கும் என் தந்தையார், "திசு வாழை மாதிரியா?" என்று உடனே கேட்டுவிட்டார். ஒரே உயரம், ஒரே சமயத்தில் குலை தள்ளும் வரிசை, கன்றுக்கு இத்தனை ரூபாய் என்று அவர் அடுக்கிய செய்திகளில் பாதி என் பாட நூலில் இல்லை. அந்த வாழைக்கன்று எங்கிருந்து வருகிறது என்பது மட்டுமே அவருக்குத் தெரியாமல் இருந்தது. அதை விளக்கத் தொடங்கியபோதுதான் எனக்கே அது சரியாகத் தெரியவில்லை என்பது தெரிந்தது!

தாவரத்தின் உயிருள்ள செல் ஒவ்வொன்றுக்கும் ஒரு முழுச் செடியாக வளரும் ஆற்றல் உள்ளே உறங்கிக் கிடக்கிறது. இதை முழுஆக்குத்திறன் என்று பன்னிரண்டாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்திருக்கிறோம். இந்த எண்ணத்தைச் செயலில் காட்ட முதலில் முயன்றவர் ஆஸ்திரிய நாட்டுத் தாவரவியலறிஞர் ஹேபர்லாண்ட். 1902ஆம் ஆண்டில் அவர் இலைச் செல்களைத் தனியே பிரித்து ஊட்டக் கரைசலில் இட்டார். அவை வாரக்கணக்கில் உயிருடன் இருந்தன. சற்றுப் பருக்கவும் செய்தன. ஆனால் ஒன்றுகூட இரண்டாகப் பிரியவில்லை. செல்லைப் பிரியச் சொல்லும் ஹார்மோன்கள் அப்போது யாருக்கும் தெரியாது. ஆக்சின் கண்டறியப்பட்ட பின்னர், 1939இல் அமெரிக்காவில் ஒயிட்டும், பிரான்சில் கோத்ரே, நோபேகூர் ஆகியோரும் தாவரத் திசுவைத் தொடர்ந்து வளர்த்துக் காட்டினர். 1955இல் மில்லரும் ஸ்கூக்கும் கைனெட்டினைக் கண்டறிந்தார்கள். அதை அவர்கள் பிரித்தெடுத்தது எந்தச் செடியிலிருந்தும் அல்ல. ஹெர்ரிங் மீனின் விந்தணுவிலிருந்து எடுத்த டி.என்.ஏ.யைக் கொதிக்க வைத்ததில் கிடைத்தது அது. அடுத்த இரண்டாண்டில், ஆக்சின் கூடுதலாக இருந்தால் வேரும், சைட்டோகைனின் கூடுதலாக இருந்தால் தளிரும், இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருந்தால் உருவமற்ற காலஸும் தோன்றுவதைப் புகையிலைத் திசுவில் நிறுவினர். இன்று உலகமெங்கும் நடக்கும் திசு வளர்ப்பு இந்த ஒரு விதியின் மேல்தான் நிற்கிறது.

இந்த வரலாற்றில் என்னைக் கவர்ந்தது ஊமத்தையின் பங்கு. நம் கல்லூரிச் சுற்றுச்சுவரை ஒட்டிக் கேட்பாரற்று முளைக்கும் இனத்தைச் சேர்ந்த செடிதான். 1941இல் ஊமத்தையின் மிக இளம் கருக்களைக் குடுவையில் வளர்க்க முயன்ற வான் ஓவர்பீக் குழுவினருக்குக் கைகொடுத்தது தேங்காய்த் தண்ணீர். இந்தியா இத்துறையில் தன் பெயரைப் பொறித்ததும் ஊமத்தையால்தான். 1964இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் மகேஸ்வரியும் ஊமத்தையின் மகரந்தப்பையை வளர்த்து, அதிலிருந்து ஒற்றைமடியக் கருக்களைப் பெற்றார்கள். உலகில் அதுவே முதன்முறை. அடுத்த முறை அந்தச் சுவரோரம் போகும்போது ஊமத்தையைச் சற்று மரியாதையுடன் பாருங்கள்.

இனி வசம்புக்கு வருவோம். எங்கள் பக்கத்தில் இதற்குப் 'பேர் சொல்லாதது' என்று பெயர். இருட்டிய பிறகு அதன் பெயரைச் சொல்லிக் கேட்கக் கூடாதாம். 'பிள்ளை வளர்ப்பான்' என்பது இன்னொரு பெயர். வயிற்று உப்புசத்தால் பிள்ளை அழுதால் என் அப்பத்தா முதலில் தேடுவது இதைத்தான். துறையில் வசம்பு வேண்டும் என்று சொன்னதும் நான் ஓடிப்போய் நாட்டு மருந்துக் கடையில் நல்ல மணமான துண்டாகப் பார்த்து வாங்கி வந்தேன். எங்கள் பேராசிரியர் அதைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "மணம் இருக்கிறதம்மா, உயிர் இல்லையே" என்றார். காய்ந்த கிழங்கில் பிரிவதற்கு உயிருள்ள செல் ஏது? எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு நம் மூலிகைத் தோட்டத்துக் குழாயடியில், ஈரத்தில் வாள் போன்ற இலைகளுடன் நிற்கும் செடிதான் தாய்ச்செடி ஆயிற்று. இரண்டாண்டுகளாக அதன் பக்கத்தில் கை கழுவிக்கொண்டிருந்தும் அதுதான் வசம்பு என்று நான் அறிந்ததில்லை.

வசம்பின் கிழங்கு உண்மையில் மண்ணை ஒட்டிப் படரும் தண்டு. அதன் நுனியிலும் கணுக்களிலும் உள்ள மொட்டுகளே நமக்கு வேண்டியவை. ஆனால் சேற்றில் கிடக்கும் அந்த மொட்டின் மீது இல்லாத பூஞ்சை இல்லை, இல்லாத பாக்டீரியா இல்லை. ஓடும் குழாய் நீரில் அரை மணி நேரம் கழுவி, சோப்புக் கரைசலில் அலசி, கார்பெண்டசிம் பூஞ்சைக் கொல்லியில் ஊற வைத்து, 70 விழுக்காடு ஆல்கஹாலில் அரை நிமிடமும், 0.1 விழுக்காடு மெர்க்குரிக் குளோரைடில் ஐந்து நிமிடமும் இட்டு எடுத்து, கிருமி நீக்கிய நீரில் நான்கைந்து முறை அலசுகிறோம். மெர்க்குரிக் குளோரைடு கொடிய நஞ்சு. அதை ஆசிரியர் மட்டுமே கையாள்வார். நேரம் குறைந்தால் கிருமி பிழைக்கும். கூடினால் மொட்டே கருகிவிடும்.

மொட்டுக்கு உணவு தருவது முராஷிகே, ஸ்கூக் ஆகிய இருவரும் 1962இல் வெளியிட்ட ஊடகம். புகையிலைச் சாற்றைச் சேர்த்தால் திசு வேகமாக வளர்வதைக் கண்டு, அச்சாற்றில் ஏதோ புதிய ஹார்மோன் ஒளிந்திருப்பதாக எண்ணித் தேடியபோது பிறந்தது இது. சாற்றின் சாம்பலும் வளர்ச்சியைக் கூட்டுவது தெரிந்ததும், வேண்டியது கனிம உப்புகளே என்பது புலனாயிற்று. தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று. அந்த உப்புகளுடன் வைட்டமின்கள், லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை, 8 கிராம் அகர் ஆகியவற்றைச் சேர்த்து, அமில காரத் தன்மையை 5.8க்குக் கொண்டுவந்து, 121 டிகிரி வெப்பத்தில், 15 பவுண்டு அழுத்தத்தில் ஆட்டோகிளேவில் வேக வைக்கிறோம். நம் வீட்டு பிரஷர் குக்கரின் அழுத்தமும் ஏறத்தாழ இதே அளவுதான். தளிர் பெருகுவதற்காக லிட்டருக்கு 2 மில்லிகிராம் பென்சைல் அடினைனும், 1 மில்லிகிராம் நாஃப்தலீன் அசிட்டிக் அமிலமும் எங்கள் ஊடகத்தில் இருந்தன.

முதல் முறை 24 குழாய்களில் மொட்டுகளை இட்டோம். ஒரு வாரத்தில் 19 குழாய்கள் கெட்டன. சிலவற்றில் கறுப்புப் பூஞ்சை. சிலவற்றில் மொட்டைச் சுற்றிப் பால் சிந்தியது போன்ற பாக்டீரியப் படலம். கெட்டவற்றில் சில குழாய்களுக்காவது நானே பொறுப்பு. லாமினார் மேடைக்கு முன் உட்கார்ந்து, திறந்த குழாய்க்கு நேராக, "அக்கா, இதை எங்கே வைக்கணும்?" என்று நான் கேட்டேன். கேட்டதற்குப் பதில் வரவில்லை. சீனியர் அக்கா அந்தக் குழாயை எடுத்துத் தனியே வைத்து என் பெயரை எழுதி ஒட்டினார். நான்காம் நாள் அதில் பூஞ்சை முளைத்தது. அறிவியல் மனப்பான்மை என்பதை எனக்கு இதைவிட நன்றாக யாரும் கற்பித்ததில்லை!

இரண்டாம் முறைக்கு முன், தாய்ச்செடியின் ஒரு துண்டைச் சேற்றிலிருந்து எடுத்துச் சுத்தமான மணல் தொட்டியில் நட்டு, இலை நனையாமல் அடியில் மட்டும் நீர் விட்டு, ஆறு வாரம் வளர்த்தோம். அதன் மொட்டுகளில் 24க்கு 15 தேறின. 25 டிகிரி வெப்பமும், 16 மணி நேர வெளிச்சமும், 8 மணி நேர இருட்டும் உள்ள அறையில் அவை பச்சை பிடித்து, ஒரு மாதத்தில் ஒன்று மூன்று நான்காயிற்று. அவற்றைப் பிரித்துப் புதிய ஊடகத்துக்கு மாற்ற வேண்டும். மாதந்தோறும் ஒன்று நான்கானால் ஆறு மாதத்தில் ஒரு மொட்டிலிருந்து 4,096 செடிகள். இது காகிதக் கணக்கு. நடுவில் கெடுவதும், கீழே விழுந்து உடைவதும், மின்வெட்டில் வாடுவதும் இந்தக் கணக்கில் இல்லை.

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். துறையில் சில குடுவைகளில் தளிருக்குப் பதில் காலஸை வளர்த்தார்கள். வெளிர் மஞ்சளாக, உதிர்த்த இட்டிலி போல இருக்கும். கழிக்க வேண்டிய ஒரு குடுவையைத் திறந்து, அதை நசுக்கி முகர்ந்து பார்த்தேன். வசம்பு மணம் இல்லை. மீண்டும் முகர்ந்தேன், ஈர அகரின் மணம் மட்டுமே. அது வசம்பின் செல்தான்; வசம்பின் குரோமோசோம்கள்தான் அதற்குள் உள்ளன; ஆனால் மணம் இல்லை. பக்கத்துக் குடுவையில் விரல் நீளம் வளர்ந்திருந்த தளிரின் இலையைக் கிள்ளினேன். அப்பத்தாவின் மருந்துப் பெட்டியைத் திறந்தது போல இருந்தது!

இதன் காரணத்தைப் பேராசிரியரிடம் கேட்டபோது, விடை சொல்லாமல் நுண்ணோக்கியைக் காட்டினார். கிழங்கை மெல்லியதாகச் சீவி சூடான் சாயம் ஏற்றிப் பார்த்தால், திசுவின் இடையிடையே உருண்டையான சில செல்கள் மட்டும் செம்மஞ்சள் நிறம் பெற்றுத் தெரிகின்றன. அவையே எண்ணெய்ச் செல்கள். ஓமவல்லி, துளசி போன்றவற்றில் இந்த வேலையை இலையின் மேலுள்ள சுரப்பித் தூவிகள் செய்கின்றன. கசக்கும்போது அவை உடைவதால்தான் மணம் எழுகிறது. மணப்பொருள் செடியின் மற்றச் செல்களுக்கே தீங்கு செய்யக் கூடியது. எனவே செடி அதற்கென்று தனி அறை கட்டி அடைத்து வைக்கிறது. காலஸில் அறைகள் இல்லை. எல்லாச் செல்களும் ஒரே மாதிரி. எங்கள் காலஸில் ஒரு செம்மஞ்சள் செல்லும் எங்கள் கண்ணுக்குப் படவில்லை. நுட்பமான கருவிகளால் ஆராய்ந்தால் சிறிதளவு எண்ணெய் அகப்படலாம். எங்களிடம் இருந்த கருவி மூக்கும் நுண்ணோக்கியும்தான்.

மணச்செடிகளின் செல்களைப் பெரிய தொட்டிகளில் வளர்த்து எண்ணெய் எடுத்துவிடலாம், வயலே வேண்டாம் என்ற ஆசை பல நாடுகளில் எளிதில் கைகூடாமல் போனதற்கு இதுவே முதன்மையான காரணம். செல் வளர்ப்பில் வெற்றிகளும் உண்டு. 1980களில் ஜப்பானில் ஷிகோனின் என்னும் சிவப்புச் சாயப் பொருளை இம்முறையில் வணிக அளவில் தயாரித்தார்கள். உதட்டுச் சாயத்திலும் அது சேர்ந்தது. ஆனால் ஷிகோனினுக்கு எண்ணெய்ச் செல்லோ சுரப்பித் தூவியோ தேவையில்லை. வசம்புக்கு உருவம் வேண்டும். இலை இலையாகவும் தண்டு தண்டாகவும் ஆன பிறகே மணம் வந்து குடியேறுகிறது.

ஆகவே மணமூலிகைகளில் திசு வளர்ப்பின் முதன்மையான பயன், எண்ணெய்க்குப் பதிலாக ஒன்றைத் தருவதன்று. நல்ல தாய்ச்செடியை அப்படியே பெருக்கித் தருவதுதான். இங்கேதான் எனக்கு ஒரு சங்கடம் ஏற்பட்டது. நல்ல தாய்ச்செடி எது?

வசம்பு என்று நாம் ஒரே பெயரால் அழைத்தாலும் அதில் வகைகள் உண்டு. 24 குரோமோசோம்கள் கொண்ட இருமடியம் வட அமெரிக்காவில் வளர்கிறது. 36 கொண்ட மும்மடியம் விதை தராது, கிழங்காலேயே பரவும், ஐரோப்பாவில் இருப்பது இதுவே, இமயப் பகுதியிலும் உண்டு. 48 கொண்ட நான்மடியம் இந்தியா முதல் கிழக்காசியா வரை காணப்படுகிறது. இவற்றின் எண்ணெயில் பீட்டா அசரோன் என்ற பொருளின் அளவு பெரிதும் மாறுகிறது. இருமடியத்தில் அது இல்லை, மும்மடியத்தில் குறைவு, நான்மடியத்தில் எண்ணெயின் பெரும்பகுதியே அதுதான். இந்தப் பொருள் மிகுந்த எண்ணெயை உணவில் கலந்து எலிகளுக்குக் கொடுத்த ஆய்வில் அவற்றின் குடலில் கட்டிகள் தோன்றின. அதையொட்டி அமெரிக்க அரசு 1968இல் வசம்பை உணவில் சேர்ப்பதற்குத் தடை விதித்தது.

இதைப் படித்த வாரம் என் அக்காள் நான்கு மாதக் குழந்தையுடன் வீட்டில் இருந்தாள். அப்பத்தா விளக்கெண்ணெய் விளக்கில் வசம்பைச் சுட்டு, கரியை உரைத்து, குழந்தையின் நாக்கில் தடவப் போனார்கள். "வேண்டாம் அப்பத்தா" என்றேன். "ஒங்கப்பனுக்கும் இதத்தான் கொடுத்தேன். கொறஞ்சா போயிட்டான்?" என்றார்கள். எலிக்குக் கொடுத்த அளவும் நாக்கில் தடவும் அளவும் ஒன்றல்ல என்பது எனக்கும் தெரியும். எனவே உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம் என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். வசம்பு கொடுத்த பின் வாந்தியும் வலிப்பும் வந்த குழந்தைகளைப் பற்றி மருத்துவ ஏடுகளிலும் செய்திகள் உள்ளன. அதைச் சொன்னேன். கடைசியில் வசம்பு வளையலாகக் குழந்தையின் கையில் ஏறியது. அது வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. இரண்டு நாள் அப்பத்தா என்னுடன் பேசவில்லை.

அப்போதுதான் உறைத்தது. குழாயடிச் செடியை நாங்கள் ஆயிரக்கணக்கில் பெருக்கத் திட்டமிடுகிறோம். அது எந்த வகை? திசு வளர்ப்பு நல்லது கெட்டது பார்க்காது. தாய்ச்செடியில் உள்ளதையே பெருக்கித் தரும். சிற்சில சமயம், அதுவும் காலஸ் வழியாக வளர்த்தால், நகலில் மாறுதல் தோன்றுவதுண்டு. லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ, மணப்பயிர்கள் நிறுவனம் அத்தகைய மாறுதலிலிருந்தே சிட்ரோனெல்லாப் புல்லில் பயோ-13 என்ற வகையைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் அது தற்செயலாக வருவது. தேடிப் பொறுக்க வேண்டும். ஆகவே முதலில் தாயைச் சோதித்தறிந்து, பிறகே குடுவையில் இட வேண்டும் என்பது என் கருத்து. நாங்கள் செய்தது தலைகீழ்.

வெங்காய வேர்நுனியில் நாம் அனைவரும் செல் பிரிதலைப் பார்த்திருக்கிறோம். அதே முறையில் குடுவைச் செடியின் வேர்நுனியை நசுக்கி எண்ண முயன்றேன். வெங்காயத்தின் குரோமோசோம்கள் பெரியவை, மொத்தமே 16. வசம்புடையவையோ சிறு புள்ளிகள். ஒரு செல்லில் நாற்பதுக்கு மேல் எண்ணினேன். இன்னொன்றில் ஒன்றன்மேல் ஒன்று கிடந்ததால் முப்பதோடு நின்றேன். ஒரு செல்லை வைத்து நான்மடியம் என்று எழுதப் பேராசிரியர் இசையவில்லை. தெளிவான பத்துச் செல்கள் வேண்டும் என்றார்.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வசம்பைப் பயிரிடும் விவசாயி கிழங்குத் துண்டை நட்டாலே அது வளரும். கர்நாடகத்திலும் மணிப்பூரிலும் அப்படித்தான் பயிராகிறது. அவர் வயல் முழுவதற்கும் குடுவைச் செடி வாங்க வேண்டும் என்று யாரேனும் சொன்னால் அது வியாபாரப் பேச்சு. சோதித்துத் தேர்ந்தெடுத்த, நோயற்ற தாய்ச்செடிகள் சில நூறு கொடுத்தால் போதும். பிறகு கிழங்கே பெருகிக்கொள்ளும். விதையும் தராமல், பதியனும் எளிதில் பிடிக்காமல், காட்டிலிருந்து தோண்டியே விற்கப்படும் மூலிகைகளுக்கோ நிலை வேறு. அவற்றுக்குக் குடுவைதான் கதி.

குடுவையை விட்டு வெளியே வருவதும் எளிதன்று. உள்ளே ஈரக் காற்றிலேயே வளர்ந்த இலைக்கு மேல்தோலில் மெழுகுப் பூச்சு போதாது. இலைத்துளைகள் மூடவும் பழகியிருக்காது. சட்டென்று வெயிலில் வைத்தால் ஒரு பகலில் சுருண்டுவிடும். வேரில் ஒட்டிய அகரைக் கழுவி, மணலும் மண்ணும் கலந்த கிண்ணத்தில் நட்டு, பாலித்தீன் பையால் மூடி, நாளுக்கு நாள் பையில் துளைகளைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். இதுவே வன்மையாக்குதல். நாங்கள் நட்ட 20 செடிகளில் 9 பிழைத்தன. தேர்வு விடுமுறையில் இரண்டு நாள் தண்ணீர் விட ஆளில்லாமல் போனது மற்றவற்றின் விதி.

அந்த ஒன்பதில் ஒன்றைப் பேராசிரியர் அனுமதியுடன் வீட்டுக்குக் கொண்டுபோய், பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் இடத்தில் நட்டேன். அப்பத்தா அருகில் வந்து குனிந்து பார்த்து, இலை நுனியைக் கிள்ளி முகர்ந்தார்கள். "அதுதான்டி" என்றார்கள், பெயரைச் சொல்லாமல். அப்போது மணி மாலை ஏழு. மற்ற எட்டும் நம் மூலிகைத் தோட்டத்தில் நிற்கின்றன. அவற்றின் வேர்நுனிகளைக் காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் எடுத்து, செல் பிரிதல் மிகுந்திருக்கும் நேரம் எது என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இதுவரை தெளிவாக எண்ண முடிந்தவை மூன்று செல்கள். இன்னும் ஏழு வேண்டும்.